முகப்பில் ஒரு புத்தகப் பெட்டி

போன மே மாதம் ஒரு மத்தியானம். கரண்டு போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோய், என் அம்மான் (தாய்மாமா) மகன் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தான். எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆத்தங்குடிக் கல் சில்லென்றுதான் இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்காகவே லீவுக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் அங்கே உருளுவார்கள். அவனுக்குப் பத்து வயது. சென்னையில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்திருந்தான். பாடப் புத்தகத்தைத் தவிர ஒன்றையும் முழுசாகப் படித்ததில்லை என்று அவன் அம்மாவான அயித்தைக்கு அவன்மேல் பெரிய மனக்குறை.

நான் ஒன்றும் சொல்லாமல் ஓர் 'இரும்புக்கை மாயாவி' காமிக்ஸை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது படம் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்து தூணில் சாய்ந்திருந்தான். அப்புறம் கரண்டு வந்தது, மேலே ஃபேன் சுற்றியது. சார்ஜர் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் நிமிரக்கூட இல்லை.

"அக்கா, கரண்டத் தொட்டா இவரு மறைஞ்சு போறாரு, கை மட்டும் தெரியுது. நெசமாவா?"

கதை, வெறும் கதை, ஸ்விட்ச் போர்டு பக்கம் போகவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன். (மாயாவியைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுப்பவர்கள் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.) தலையை ஆட்டிவிட்டு, "அடுத்தது இருக்கா?" என்றான்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகத்தான் இரண்டு வருடமாக எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டு முகப்பில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன்.

எனக்குப் பதினேழு வயது. ஊர் கோட்டையூர், காரைக்குடிக்குப் பக்கத்தில். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் இதை ஆரம்பித்தேன். மே மாதம் வந்தால் எங்கள் வீடு நிறைந்துவிடும். சென்னை, கோயம்புத்தூர், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் சிங்கப்பூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். தெருவில் இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்தால் பன்னிரண்டு, பதிமூன்று பேர். முதல் வருடம் பெட்டியில் அறுபது புத்தகம் இருந்தது, இப்போது நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. என்னுடையது பாதி. மிச்சத்தில் கொஞ்சம் ஐயாவின் (தாத்தாவின்) அலமாரியில் இருந்து, கொஞ்சம் காரைக்குடிப் புத்தகக் கண்காட்சியில் வாங்கியது, கொஞ்சம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. நூலகத்தில் எடுப்பவை தனி. அவற்றைப் பெட்டிக்குள் போடுவதில்லை, கலந்துவிட்டால் தவணைக்குள் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆரம்பத்தில் நான் செய்தது முழுக்கத் தப்பு. எனக்குப் 'பொன்னியின் செல்வன்' என்றால் உயிர். ஆயாவின் மாமியார் வாராவாரம் கல்கிப் பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, காரைக்குடியில் கொடுத்துப் பைண்டு போட்டு வைத்தது எங்கள் வீட்டில் இருக்கிறது. 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்தபோதே சேர்த்தது, மணியம் வரைந்த படங்களோடு. பக்கங்கள் பழுப்பேறி, ஓரத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி உடையும். அதைப் பிரிக்க மனசில்லாமல் புதுப் பதிப்பின் முதல் பாகத்தை வாங்கி, பதினொரு வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்து, தினமும் இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு என்னிடம் கதை சொல்ல வேண்டும் என்றேன். முதல் நாள் பத்துப் பக்கம் படித்தான். இரண்டாம் நாள் புத்தகம் தொலைந்துவிட்டது என்றான். நாலு நாள் கழித்து அது இரண்டாங்கட்டில் காலி அண்டாவுக்குள் கிடைத்தது.

எனக்குக் கோபமும் அழுகையுமாக வந்தது. ஆயாதான் சொன்னார்: "ஏத்தா, அவனுக்குப் பசியே இல்லங்குறான், நீ விருந்து போட்டா எப்படித் திங்கிறது?"

அதற்கப்புறம் நான் வழியை மாற்றிக்கொண்டேன். கதை கேட்கிற கெடு போச்சு, 'இன்னிக்கு எத்தனை பக்கம்' போச்சு. பிடிக்காத புத்தகத்தை இருபது பக்கத்தோடு மூடி வைக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். இந்த இருபது பக்க விதியைச் சொன்ன அன்றே பிள்ளைகள் பெட்டியைக் கிளற ஆரம்பித்துவிட்டார்கள். பாதியில் விடலாம் என்று தெரிந்தால்தான் தடிப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கிற தைரியமே அவர்களுக்கு வருகிறது.

பொன்னியின் செல்வனை மறு வருடம் வேறு மாதிரி கொடுத்தேன். பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் நாலு பேரை ராத்திரி மேல்மாடியில் உட்கார வைத்து நானே வாசித்தேன். ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில் ஆரம்பித்து, கடம்பூர் மாளிகையில் நடுராத்திரி மதில்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிகிற இடம் வரைக்கும். வர்ணனை நீளமாக வருகிற இடங்களில் கொஞ்சம் தாவினேன். அந்தத் தலை வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் முதல் பாகம் இருந்த இடத்தில் இல்லை. நாலு பேரில் இரண்டு பேர் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டார்கள், ஒருத்தி இரண்டாம் பாகத்தில் நிறுத்திவிட்டாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

இனி எந்தெந்தப் பிள்ளைக்கு எது பிடித்தது என்று என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூன்றிலிருந்து ஆறு, ஏழு வயது வரைக்கும் அழ. வள்ளியப்பா. அவர் 1922-ல் ராயவரத்தில் பிறந்தவர், எங்கள் பக்கத்து மனிதர். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்கு எழுதியவர். குழந்தைக் கவிஞர் என்று சொன்னால் அவர்தான். 'மலரும் உள்ளம்' தொகுப்பு எங்கள் பெட்டியில் இருக்கிறது. ஒரு தட்டில் எட்டு லட்டு வைத்துப் பங்கு போடும் பாட்டு ஒன்று, வரிக்கு வரி 'ட்டு' என்று முடியும். நாலு வயதுக் குட்டி ஒன்று அதைக் கேட்டுவிட்டு, மிச்ச லட்டு எங்கே என்று விடவே இல்லை. ஆயா ஒரு தட்டில் எட்டு சீப்புச் சீடையை எடுத்து வைத்தார். பாட்டில் வருகிற மாதிரியே பிரித்தோம். அன்றைக்கு மட்டும் பதினோரு தரம் அந்தப் பாட்டு, ஒவ்வொரு தரமும் சீடையோடு. சாயங்காலம் டப்பா காலி. இந்த வயதுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது, கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

படக்கதைப் புத்தகங்களுக்குத் துளிகா வெளியிடும் இருமொழிப் புத்தகங்கள் நன்றாக இருக்கின்றன. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருப்பதால் வெளியூர் அம்மாக்களுக்கும் வசதி. காசே செலவழிக்க வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். போனைப் பிடுங்குவதைவிட, சில நேரம் அதே போனில் இதைத் திறந்து பக்கத்தில் உட்கார்வது எனக்கு உதவியிருக்கிறது.

எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் மகள் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு. அவள் முதல் நாள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுல 'நட' எது, 'ஓடு' எது அக்கா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அவள் 'ஓடு' முடித்துவிட்டாள். மே மாதம் முடிவதற்குள் எங்கள் எல்லாரையும்விட அதிகப் புத்தகம் படித்தவள் அவள்தான். நான் அவளிடமிருந்து அந்த நாலு சொல்லையும் எடுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் புத்தகங்களின் முதுகில் வயது எழுதுவதில்லை, இந்த நாலில் ஒன்றைத்தான் எழுதுகிறோம். பன்னிரண்டு வயதில் தமிழ் தட்டித் தடுமாறும் பிள்ளைக்கு 'ஆறு வயதுக்கு' என்று எழுதிய புத்தகத்தைக் கொடுத்தால் முகம் விழுந்துவிடும். 'நுழை' என்றால் வருத்தம் இல்லை.

எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் காமிக்ஸை யாரும் குறைத்துச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்கள் பலர் அதைப் புத்தகக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது. எங்கள் பெரிய அம்மான் தமிழ் படிக்கக் கற்றதே அதில்தான் என்பார். மாயாவிக்கு அடுத்து லக்கி லூக். தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிறவன், அவனுடைய குதிரை ஜாலி ஜம்பர். சத்தம் போட்டுச் சிரிக்க வைக்கிற புத்தகம் வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள். அதற்கப்புறம் டெக்ஸ் வில்லர், அது கொஞ்சம் பெரியவர்களுக்கு. ஒரு படத்துக்கு நாலு வரி வசனம் என்று வைத்தால்கூட ஒரு காமிக்ஸில் பிள்ளை படித்துவிடும் சொற்கள் ஒரு பாடத்தைவிட அதிகம்.

இந்த வயதுக்கு நான் மனசாரக் கொடுக்கிற கதைப்புத்தகம் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடி எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. கீழடிக்குப் போகிற ஒரு பையன் பழங்காலத்து ஆதனைச் சந்திக்கிற கதை. ஐந்து பேர் மாற்றி மாற்றிப் படித்தார்கள். அவர்கள் படுத்திய பாட்டில் அப்பச்சி (என் அப்பா) வண்டி வைத்துக் கீழடிக்கே கூட்டிப்போனார். அங்கே 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு பொடியன், "அக்கா, இது நம்ம வீடு!" என்று கத்தினான். பானை ஓட்டில் கீறிய பழங்காலத் தமிழி எழுத்துகளைப் பார்த்ததும் அவர்கள் ஆதனைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேரை ஒரு பானை ஓட்டில் உண்மையிலேயே கீறியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒருத்தி அந்த எழுத்துகளை நோட்டில் வரைந்துகொண்டாள். திரும்பி வந்து ஒரு வாரம் முற்றத்துக் கல்லில் எல்லாம் சாக்பீஸால் 'ஆதன்'. ஆயா கழுவிக் கழுவிச் சலித்துப்போனார். ஊருக்குப் பக்கத்தில் நடக்கிற கதையாகப் பார்த்து ஒன்று கொடுத்தால் பிள்ளைகளுக்கு அது எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எந்தப் புத்தகம் நல்லது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சாகித்ய அகாடமி 2010-லிருந்து சிறுவர் இலக்கியத்துக்கென்று பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். ஆதனின் பொம்மை 2023-ல் வாங்கியது. அழ. வள்ளியப்பாவின் மகள், காரைக்குடிக்காரரான தேவி நாச்சியப்பன் 2019-ல் வாங்கினார். ஆனாலும் விருது வாங்கியது என்பதற்காக மட்டும் பிள்ளை கையில் திணிக்க வேண்டாம், நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள்.

நீங்கள் முதலில் படியுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2020-ல் அதே விருது வாங்கியது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. மரப்பாச்சி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய பொம்மை, காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக நிற்க வைத்திருப்பார்கள். கதையில் அந்தப் பொம்மை ஒரு சிறுமியோடு பேசுகிறது. தொடக் கூடாத விதத்தில் ஒருவர் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயமுறுத்தாமல் சொல்லித்தருகிற புத்தகம். நான் அதை ஒரு மாயக்கதை என்று மட்டும் நினைத்து, பாதி படித்த நிலையில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் நாள் நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். அப்புறம், "அக்கா, எங்க வேன்ல வர்ற ஒருத்தர்..." என்று ஆரம்பித்தாள்.

எனக்குக் கை கால் நடுங்கியது. என்ன கேட்பது, என்ன கேட்கக் கூடாது என்று ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தில் அந்தப் பொம்மை சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்தது. "நீ சொன்னது ரொம்ப ரொம்பச் சரி. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அம்மாகிட்ட ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்" என்றேன். அன்று சாயங்காலமே சொன்னோம். அவள் அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டார்கள், அந்த ஆள் இப்போது அந்த வேனில் இல்லை. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்தப் புத்தகத்தை எல்லா வீட்டிலும் வாங்க வேண்டும். அதைக் கொடுக்கிறவர் முழுசாகப் படித்திருக்க வேண்டும், கொடுத்த பிறகு ஒரு வாரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் பிரதியின் உள்ளட்டையில் 1098 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். குழந்தைகளே கூப்பிடக்கூடிய இலவச உதவி எண் அது.

பன்னிரண்டு வயதுவாக்கில் 'டோட்டோ-சான்'. ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி தன் சின்ன வயதுப் பள்ளியைப் பற்றி எழுதியது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கிறது. பழைய ரயில் பெட்டிகள்தான் அந்தப் பள்ளியின் வகுப்பறைகள். முதல் நாள் அன்று தலைமை ஆசிரியர் கோபயாஷி அந்தச் சின்னப் பெண் பேசுவதை நாலு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த இடத்தைப் படித்துவிட்டு ஒரு பையன் என்னிடம் வந்து, "நாலு மணி நேரம் பேசுறதுக்கு எங்கிட்டயும் இருக்கு அக்கா" என்றான். சொல்லு என்றேன், முக்கால் மணி நேரம் பேசினான். பள்ளியில் மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் வரும். அது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்ததும் ஆயாவே கேட்பார். தொண்டியிலிருந்து வந்த நெத்திலிக் கருவாடு கடல், கத்திரிக்காய் மலை. கத்திரிக்காயைத் தொடவே தொடாத ஒருத்தி மலைக்காக இரண்டு துண்டு தின்றாள்.

இரா. நடராசனின் 'ஆயிஷா' மிகச் சின்னப் புத்தகம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு மாணவியைப் பற்றி அவளுடைய ஆசிரியை சொல்வதாக வரும். முடிவை இங்கே சொல்லமாட்டேன். பதிமூன்றுக்குக் கீழே வேண்டாம், படித்து முடித்ததும் தனியாகவும் விடவேண்டாம். நான் படித்த அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பெண் தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டத்தான் வராது. அவளுக்கு ரோல்டு டாலின் 'மாட்டில்டா'வை ஆங்கிலத்திலேயே கொடுத்தேன். நாலு வயதிலேயே ஊர் நூலகத்தின் குழந்தைப் புத்தகங்களை எல்லாம் முடித்துவிடுகிற சுட்டிப் பெண்ணின் கதை. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் படித்த வரைக்கும் மற்றப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று அவர்களே அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பதிலுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் மகள் அவளுக்கு வள்ளியப்பா பாட்டை விரல் வைத்துப் படித்துக் காட்டுவாள். ஊருக்குக் கிளம்புகிற வாரம் காரைக்குடிக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது கடை போர்டுகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள்.

பதிமூன்று, பதினான்கில் துப்பறியும் கதைப் பைத்தியம் பிடிக்கும். எங்கள் பக்கத்துக்கு அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார், தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான் அவர் அடையாளம். அவருடைய சங்கர்லால் கதைகளை ஐயா சேர்த்து வைத்திருந்தார். சின்னச் சின்ன அத்தியாயம், நல்ல தமிழ், கெட்ட வார்த்தை கிடையாது. ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது, கோயம்புத்தூர்ப் பேரனுக்குப் பதினாலு. இரண்டு பேரும் பட்டாலைத் திண்ணையில் ஆளுக்கொரு ஓரமாகச் சாய்ந்துகொண்டு, "ஐயா, கொலை பண்ணுனது யாருன்னு சொல்லிராதீங்க" என்று ஒரே சண்டை. சங்கர்லால் யோசிக்கும்போதெல்லாம் தேநீர் குடிப்பார். அதனால் பேரனும் தினம் நாலு மணிக்குத் தேநீர் கேட்டான், ஐயாவுக்கும் சேர்த்து வந்தது.

அதே வயதில் ஜெயமோகனின் 'பனிமனிதன்' கொடுக்கலாம். இமயமலையில் ஒரு பெரிய காலடித் தடத்தைத் தேடிப் போகிற கதை, சாகசமாக ஆரம்பித்து ஆழமாகப் போய்விடும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இன்னும் சுலபம். 1980-களில் எழுதி, நாம் இப்போது இருக்கிற 2020-களில் நடப்பதாக வரும். எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர், குழந்தை பெறுவதற்கு அரசாங்க அனுமதி, புத்தகம் படிக்கிற ஜீனோ என்ற இயந்திர நாய். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிள்ளைகள் ஒரு பட்டியலே போட்டார்கள். ஜீனோவுக்காகவே 'மீண்டும் ஜீனோ'வையும் வாங்க வேண்டிவந்தது.

பதினைந்துக்கு மேல் நான் இரண்டைத்தான் சொல்வேன். ஒன்று பெருமாள்முருகனின் 'பூனாச்சி'. ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் வாழ்க்கை, படித்தால் வீட்டு ஆட்டை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். இன்னொன்று ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. 1942-ல் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் எழுத ஆரம்பித்த பெண். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்கட்டில், புத்தக அலமாரியால் மறைத்த கதவுக்குப் பின்னால், இரண்டு வருடத்துக்கு மேல் குடும்பத்தோடு ஒளிந்திருந்தாள். எங்கள் வீட்டில் கட்டுக்குக் கட்டு அறை. அதைப் படித்த இரண்டு பெண்கள் பூட்டிக் கிடந்த சாமான் அறை ஒன்றைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். யாரும் பேசவில்லை.

நீதிக்கதைத் தொகுப்புகள் எங்கள் பெட்டியிலும் ஏழெட்டு இருக்கின்றன, எல்லாம் பள்ளிகளில் பரிசாக வாங்கியவை. கதை நன்றாகவே இருக்கும், கடைசியில் கட்டம் கட்டி 'நீதி' என்று ஒரு வரி போடுவதுதான் எனக்கு ஆகாது. வாசித்துக் காட்டும்போது நான் அந்த வரியைப் படிப்பதில்லை. படித்து முடித்த பிள்ளையிடம் 'இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்' என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். "எந்த இடம் பிடிச்சுச்சு?" என்று கேட்டால் வாய் திறக்கிறார்கள்.

புத்தகத்தைக் காப்பாற்றுவது தனி வேலை. ஆள் இல்லாத பெரிய வீடுகளில் இராமபாணப் பூச்சி ஒரு வருடத்தில் ஒரு அலமாரியைத் தின்றுவிடும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் பெட்டிக்குள் போட்டு, மாதம் ஒருமுறை வெயில் நேரடியாகப் படாத இடத்தில் காற்றாட வைக்கிறோம். பழைய பைண்டுப் புத்தகங்களைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். எங்கள் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். மற்றவர்கள் கழித்துப்போட்ட புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஒரு லட்சத்தைத் தொடும் அளவுக்குச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதிலிருந்து வந்ததுதான். ஆயாவின் மாமியார் பைண்டு போட்ட கல்கியை நான் பெட்டிக்குள் வைப்பதில்லை. அது தனியாக, வெள்ளைத் துணியில் சுற்றி, ஐயா அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. பெரிய பிள்ளைகள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கேட்டால் படம் மட்டும் காட்டுவேன்.

இந்த வருடம் மே கடைசியில் பெட்டியை மூடும்போது கணக்குப் பார்த்தேன். மூன்று புத்தகம் குறைந்தது. இரண்டு பக்கத்து வீட்டுப் பரணில் கிடைத்தன. மூன்றாவது எங்கே போனது என்று நான் தேடவில்லை, எனக்குத் தெரியும். ஜூன் முதல் வாரம் அயித்தை போனில் பேசிவிட்டு அந்த அம்மான் மகனிடம் கொடுத்தார்.

"அக்கா, மாயாவிய நான் எடுத்துட்டு வந்துட்டேன். திட்டாதீங்க. கிளாஸ்ல நாலு பேரு படிச்சுட்டு இருக்காங்க."

"திட்டல. கிழிக்காம வச்சுக்க."

"சரிக்கா." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "லக்கி லூக்கத் தபால்ல அனுப்புவீங்களா? நான் அஞ்சாவது ஆளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

மறுநாள் காரைக்குடிக்கு டியூஷன் போகிற வழியில் தபாலாபீஸில் இறங்கினேன். லக்கி லூக் இரண்டு, கூடவே ஆதனின் பொம்மையும் வைத்துக் கட்டினேன்.